ஸ்ராத்நேவர்: வெறுமையாக்கப்பட்ட ஒரு பள்ளத்தாக்கு

ஸ்கொத்லாந்தின் வடபுலத்தில், லெயர்க் என்னும் ஊரிலிருந்து அல்ற்னஹாராவைக் கடந்து, நேவர் ஏரியின் வடகரையையும் நேவர் ஆற்றையும் தொடர்ந்து பெற்றிஹில் என்னும் கடலோரக் கிராமத்தை அடையும் ஒடுங்கிய பாதை ஒன்றுண்டு. நீரும் குன்றும் வானுமன்றி வேறெதுவும் கண்ணிற்படாத அதன் தனிமையைப் பயணிகள் வியந்து போற்றுவர். ஆயின், அத்தனிமை இயற்கை அளித்ததன்று. ஏரிக்கரையிற் புல் மூடிக் கிடக்கும் கற்குவியல்கள் கிறம்மோர், கிறம்பெக் என்னும் ஊர்களின் எச்சங்களாகும்.

1814இலும் 1819இலும் இப்பள்ளத்தாக்கின் கேலிக் மொழி பேசிய குடிகள் பெருந்தொகையாகக் குடியெழுப்பப்பட்டனர். நிலம் சதர்லாந்துச் சீமாட்டிக்குரியது. குடிகள் செலுத்திய வாரத்திலும் செம்மறி வளர்ப்போர் தரும் குத்தகை பெரிதாயிருந்தது. மீண்டும் வந்து குடியேறாதவாறு கூரை மரங்கள் எரிக்கப்பட்டன. 1814இல் இதனை முன்னின்று நடத்திய காரியஸ்தர் பற்றிக் செலர், அந்நிலத்தையே ஆட்டுப் பண்ணைக்காகக் குத்தகைக்கு எடுத்தவருமாவார்! 1816இல் இன்வெர்னெஸ் நகரில் அவர்மீது நடைபெற்ற வழக்கில் அவர் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார்.

வெளியேறியோருட் பலர் வடகரையிற் சிறு காணித்துண்டுகளைப் பெற்றனர். 'குறொஃப்ற்' எனப்படும் அத்துண்டுகள் ஒரு குடும்பத்தின் வயிற்றுக்குப் போதாதவை. மீன்பிடித் தொழிலுக்கு அவர்களைத் தள்ளுவதே நிலவுடைமையாளரின் நோக்கமாயிருந்தது. கடலறியாத உழவர்க்கு இது எத்தகைய வாழ்வு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வேறு பலர் கடல் கடந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று தம் முன்னோரின் ஊரைத் தேடி இப்பாதை வழியே வருகின்றனர். அவர்களது தேடல் எளிதன்று. ஸ்கொத்லாந்தில் அரசாங்கப் பிறப்புப் பதிவு 1855இலேயே தொடங்கிற்று. பள்ளத்தாக்கோ அதற்கு முன்னரே வெறுமையாகிவிட்டது. பண்ணைக் குத்தகைப் பதிவேடுகளில் நேர்க்குத்தகைக்காரரின் பெயர்களே பெரும்பாலும் காணப்படும். அவர்க்குக் கீழிருந்தோர் அவற்றில் இடம்பெறவில்லை. மேலும், இது மக்காய் குலத்தாரின் நாடு. ஊரிற் பெரும்பாலார்க்கு அஃதே குடும்பப் பெயராக இருக்க, பெயரை மட்டும் கொண்டு எவரைப் பிரித்தறிவது? இன்னாரின் மகன் இன்னார் என வாய்மொழியாகத் தலைமுறைகளை அடுக்கிக் கூறும் கேலிக் மரபே அவர்களை வேறுபடுத்தியது. ஊர் கலைந்தபோது அவ்வழக்கும் பெரிதும் சிதைந்தது.

எனினும் குடிகளின் குரல் முற்றாக மறைந்துவிடவில்லை. 1883இல் நேப்பியர் பிரபு தலைமையிலான ஆணைக்குழு பெற்றிஹில்லிலும் அமர்ந்தது. குடியெழுப்பலைச் சிறுவராய்க் கண்ட முதியோர் அதன் முன் சாட்சியமளித்தனர். கேலிக் மொழியிற் கூறப்பட்ட சாட்சியங்கள் ஆங்கிலத்திலேயே அச்சேறின. ஆதலின் அவற்றில் நாம் கேட்பது மொழிபெயர்ப்பாளரின் குரலையே. அவ்வாணைக்குழுவின் பின் வந்த 1886ஆம் ஆண்டுச் சட்டம் குறொஃப்ற் குடிகளுக்கு நிலையான இருப்புரிமையும், நியாயமான வாரமும், உரிமையைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் வாய்ப்பும் அளித்தது. பள்ளத்தாக்கை மட்டும் அது மீட்டுத்தரவில்லை.

பாதையின் முடிவில், பெற்றிஹில்லின் பழைய தேவாலயம் இன்று அரும்பொருட்சாலையாக உள்ளது. வேர்தேடி வருவோர் அங்கு 1774ஆம் ஆண்டுப் பிரசங்க மேடையொன்றைக் காண்பர். குடியெழுப்பும் அறிவித்தல்கள் அம்மேடையிலிருந்தே வாசிக்கப்பட்டன என்பர்.