பாரம் (நாடுகள்மேல் இறைத்தீர்ப்பு)

எபிரேயத் தீர்க்கதரிசிகள் நாடுகளுக்கு எதிராகக் கூறிய தண்டனை வாக்குகளில் பலவற்றுக்குத் தமிழ் வேதாகமத்தில் உள்ள பெயர் ‘பாரம்’. மூலச்சொல் ‘மஸ்ஸா’. தூக்குதல் என்னும் வேரில் பிறந்த இது தலையில் ஏற்றும் சுமையையும் குறிக்கும். குரலெடுத்துச் சொல்லும் வாக்கையும் குறிக்கும். எரேமியா 23ஆம் அதிகாரம் இந்த இருபொருளை வைத்துச் சிலேடை ஆடிவிட்டு, இனி அச்சொல்லை எவரும் வாயில் எடுக்கக்கூடாது என்று தடையும் போடுகிறது. தடைபோட்ட சொல்லே வகைக்குப் பெயராக நிலைத்தது.

கி.மு. 2ஆம் ஆயிரத்தின் தொடக்கத்தில் எகிப்தியர் பகையரசர் பெயர்களை மண்கலங்களில் எழுதி உடைத்தனர். பாரங்களின் மூலம் இச்சடங்குதான் என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு.

முழுவடிவில் கிடைக்கும் முதல் தொகுதி ஆமோசுடையது (கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி). தெக்கோவா ஊரின் ஆட்டுக்காரரான இவர், காட்டத்திப் பழ வேலையும் பார்த்தவர். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றுப்புற நாடுகளை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றுகிறார். கேட்டவர்கள் மகிழ்ந்து தலையாட்டியிருக்கக்கூடும். ஏழாவதாக யூதா வருகிறது. எட்டாவதாக, கேட்டுக்கொண்டிருக்கும் இஸ்ரவேலே வருகிறது. அதற்குத்தான் குற்றப்பட்டியல் மிக நீளம்: ஒரு ஜோடு செருப்புக்காக ஏழையை விற்றதும் அதில் உண்டு. மோவாபின் குற்றம் தனித்துக் கவனிக்கத்தக்கது. அது ஏதோம் அரசனின் எலும்புகளைச் சுண்ணாம்பாகச் சுட்டது. இதில் பாதிக்கப்பட்டது இஸ்ரவேல் அல்ல. ஓர் அந்நிய நாடு இன்னோர் அந்நிய நாட்டுக்குச் செய்த கொடுமையும் இங்கே கணக்கில் ஏறுகிறது.

ஏசாயா 13–23, எரேமியா 46–51, எசேக்கியேல் 25–32 ஆகியவை பெருந்தொகுதிகள். நாகூம் நூல் முழுவதும் நினிவேயைப் பற்றியது, அந்நகரம் கி.மு. 612இல் வீழ்ந்தது. 21 வசனங்களே கொண்ட ஒபதியா ஏதோமைச் சாடுகிறது. யோனாவில் மட்டும் நினிவே மனந்திரும்பித் தப்பிக்கிறது. தீர்க்கதரிசிக்கே அது பிடிக்கவில்லை.

எரேமியா 51ஆம் அதிகாரம் ஒரு காட்சியோடு முடிகிறது. பாபிலோனுக்கு எதிரான வாக்குகளை எரேமியா ஒரு சுருளில் எழுதி, அங்கே பயணப்படும் செராயாவிடம் கொடுக்கிறார். செராயா அதை வாசித்து முடித்ததும் அதில் ஒரு கல்லைக் கட்டி ஐப்பிராத்து ஆற்றின் நடுவே எறிந்துவிட வேண்டும். சுருள் மூழ்குவதுபோல் நகரமும் மூழ்கும் என்பது குறிப்பு.

சொன்னவை பலித்தனவா என்பது தீராத வழக்கு. தீரு நகரத்தைப் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் 13 ஆண்டுகள் முற்றுகையிட்டதாக வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அந்த உழைப்புக்குக் கூலி கிடைக்கவில்லை என்று எசேக்கியேல் 29ஆம் அதிகாரமே ஒப்புக்கொண்டு, பதிலுக்கு எகிப்தைத் தருவதாகச் சொல்கிறது. கி.மு. 332இல் அலெக்சாந்தர் தீருவைப் பிடித்ததையே நிறைவேற்றமாகக் கொள்வோரும் உளர்.

கிரேக்க மொழிபெயர்ப்பில் எரேமியாவின் பாரங்கள் நூலின் இறுதியில் இல்லாமல் நடுவில் இருக்கின்றன. கும்ரான் குகைகளில் கிடைத்த ஆபகூக், நாகூம் விளக்கவுரைகள், பழைய பகைவர்களின் இடத்தில் தங்கள் காலத்துப் பகைவர்களை வைத்துப் படித்தன.

தமிழில் பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை மிஷனரி சூல்ட்சே 1720களில் முடித்தார்; மிஷனரி பப்ரிசியுஸ் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைப் புதிதாக மொழிபெயர்த்தார். ஹென்றி பவர் குழுவின் திருத்தம் 1871இல் வெளிவந்தது. 1995இல் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வந்தது.

பாபிலோனின் பாரத்தில் தங்கமும் பேசப்படுகிறது: தண்டனைக்குப் பின் மனிதர் ஓப்பீர்த் தங்கத்தைவிட அரிதாகிவிடுவர் என்கிறது ஏசாயா 13. ஓப்பீர் அரேபியாவிலா, ஆப்பிரிக்காவிலா, இந்தியாவிலா என்பது முடிவாகவில்லை. மும்பைக்கு வடக்கேயுள்ள சோபாராவைச் சிலர் சுட்டுவர். தக்காணத்துப் பழந்தங்கக் குழிகளை ஓப்பீரோடு இணைக்கும் ஊகம் உறுதிப்படவில்லை.

தக்காணத்துத் தங்கம் தமிழ் வேதாகமத்தோடு வேறொரு வழியில் இணைந்தது: 1880இல் ஜான் டெய்லர் சுரங்க நிறுவனம் கோலார் தங்கவயலில் கால்வைத்தது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப் சுரங்கங்களின் லைன் வீடுகளில் குடியேறினர். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தனர். கன்னட மண்ணில் தமிழ் வேதாகமம் வழங்கும் இடங்களுள் ஒன்றாகத் தங்கவயல் ஆனது. சுமார் 800 டன் தங்கம் தந்த அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.