சிலந்திக்கு மூக்கு எங்கே?

வயலில் வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியைப் பார்த்திருப்பீர்கள். பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை ஏமாற்றிப் பிடிக்கும் டப்பா. அந்த வேதியியல் தொடங்கியது 1959ல். ஜெர்மனியின் அடால்ஃப் புட்டனண்ட் குழு சுமார் 5 லட்சம் பட்டு அந்துப்பூச்சிகளிலிருந்து பாம்பிகோல் என்ற பொருளைப் பிரித்து அடையாளம் கண்டது. 'பெரோமோன்' என்ற சொல் பிறந்ததும் அதே வருஷம்தான்.

பூச்சிக்கு உணர்கொம்பு இருக்கு, மோப்பம் பிடிக்கும். சரி. சிலந்தி பூச்சியே இல்லையே! எட்டுக் கால் உண்டு, உணர்கொம்பு கிடையாது. அப்போ அது மோப்பம் பிடிக்குமா?

பிடிக்கும் என்பதற்கான தடயம் ஆண் சிலந்தியின் ஒரு விநோதப் பழக்கத்தில் இருந்தது. 1986ல் பால் வாட்சன் 'சயன்ஸ்' இதழில் அதை எழுதினார். அவர் கவனித்தது வட அமெரிக்காவின் லினிஃபியா லிட்டிஜியோசா என்ற இனம். இணை சேராத பெண்ணின் வலையிலிருந்து வாசனை கிளம்புகிறது. அதைப் பிடித்து வந்து சேரும் ஆண், வலையை அறுத்து இறுக்கிச் சுருட்டி வைத்துவிடுகிறது. எதுக்கு? வாசனை வெளியேறும் பரப்பு குறைந்தால் போட்டிக்கு வரும் ஆண்களும் குறைவு. எங்க பாஷையில சொன்னா, மெசேஜைப் படிச்சவன் சர்வரையே ஆஃப் பண்ணிடறான்!

அந்த வாசனை எது? 1993ல் ஸ்டெஃபான் ஷுல்ஸும் சோரன் டாஃப்டும் அதன் ஐரோப்பிய உறவான லினிஃபியா ட்ரையாங்குலாரிஸில் கண்டுபிடித்தார்கள். ஒரு சிலந்தியின் பாலியல் பெரோமோன் அடையாளம் காணப்பட்டது அதுவே முதல்முறை. 3-ஹைட்ராக்சிபியூட்டிரிக் அமிலமும், அதன் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்த வடிவமும்தான் ஆணை வலையைச் சுருட்ட வைக்கின்றன. விரதத்திலோ பேலியோ டயட்டிலோ இருக்கும்போது நம் ரத்தத்தில் கூடுகிற கீட்டோன் இருக்கிறதே, அதே அமிலம்தான்!

வாசனை தெரிந்துவிட்டது, மூக்கு மட்டும் கிடைக்கவில்லை. பூச்சிகள் மோப்பத்துக்குப் பயன்படுத்தும், பக்கச்சுவரில் துளைகள் கொண்ட நுண்மயிர்கள் சிலந்திகளுக்குக் கிடையாது என்றே கருதப்பட்டது. 2025ல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு இனமான ஆர்கியோப்பி புருன்னிக்கியில் அவற்றைக் கண்டறிந்தார்கள். இருந்த இடம் கால்கள். அதுவும் வளர்ந்த ஆண்களின் கால்களில் மட்டும், ஆயிரக்கணக்கில். பெண்ணிடமும் குஞ்சுகளிடமும் இல்லை.

அனுப்புபவள் பெண், படிப்பவன் ஆண். ரிசீவரும் படிப்பவனிடம் மட்டும்தான். வாசனையின் வேதிப்பெயர் தெரிந்து 32 வருஷம் கழித்துத்தான் மூக்கு அகப்பட்டது. ஆனால் மோப்பம் உண்டு என்பதை, சுருட்டி வைத்த அந்த வலை 1986லேயே சொல்லிவிட்டது.