பெம்பூர், வேப்பூர், பேகூர்

பெங்களூருக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று பேச்செழும்போதெல்லாம் ஒரு கிழவியும் அவித்த பயறும் வந்துவிடுகின்றன. வேட்டையில் வழிதவறிய ஹொய்சள மன்னன் வீரவல்லாளனுக்கு அவள் வெந்த பயறு கொடுத்தாளாம். அதனால் ஊர் 'பெந்தகாளூரு' ஆயிற்றாம். கதை இனிமையானது. ஆனால் கதையின் நாயகனான இரண்டாம் வல்லாளன் அரியணை ஏறியது 1173இல். அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முன்னரே, கி.பி. 890ஐ ஒட்டிய ஒரு கன்னடக் கல்வெட்டில் 'பெங்களூரு' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அக்கல் கிடைத்த இடம் பேகூர். மாநகரத்தின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக மட்டுமே இடம்பெறும் அந்த ஊரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

ஓசூர்ச் சாலையில் பொம்மனஹள்ளியைக் கடந்ததும் பிரியும் ஒரு சாலை பேகூருக்குச் செல்கிறது. ஊருக்குள் நாகநாதேசுவரர் கோயில். அதைச் சூழ்ந்திருந்த பழங்கோட்டையின் எச்சங்கள். அருகே பெரிய ஏரி. பெங்களூர் அமைந்துள்ள நிலம் கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு மேடு. அங்கே வற்றாத ஆறு கிடையாது. மேட்டின் மேற்குச் சரிவில் விழும் மழைநீர் அர்க்காவதி வழியே காவிரியை அடைகிறது. கிழக்குச் சரிவில் விழுவது ஏரிக்கு ஏரி இறங்கித் தென்பெண்ணையில் சேர்ந்து, கிருஷ்ணகிரியையும் திருக்கோவலூரையும் கண்டு, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. பேகூர் இக்கிழக்குச் சரிவைச் சேர்ந்தது. ஆறில்லாத நாட்டில் ஏரிக்கரையே ஊரை உண்டாக்கியது. பழைய சாசனங்கள் நிலத்தை அடையாளம் காட்டும்போது 'இன்ன ஏரியின் கீழ்' என்று எழுதுவது அதனால்தான்.

ஒன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர் மேலைக் கங்கர் ஆட்சியில் 'பெம்பூர்' என வழங்கியது. நாகத்தரன் என்பவன் இதன் தலைவன். மைசூர்த் தொல்லியல் துறையைச் சேர்ந்த ரா. நரசிம்மாச்சார் இங்கு கண்டெடுத்து, 'எபிகிராஃபியா கர்நாட்டிகா' பத்தாம் தொகுதியின் பிற்சேர்க்கையில் இடம்பெற்ற கல்வெட்டு, பெங்களூருப் போரில் நாகத்தரனைச் சார்ந்த புட்டண செட்டி இறந்த செய்தியைச் சொல்கிறது. சில வரிகளே கொண்ட எளிய கல். மாநகரத்தின் பெயருக்கு நமக்குக் கிடைத்துள்ள முதற்சான்று, ஒரு மனிதன் இறந்ததைச் சொல்லும் அந்தச் சில வரிகள்தாம்.

நாகத்தரனும் போரிலேயே மடிந்தான். நுளம்ப அரசன் வீரமகேந்திரனுக்கு எதிராக ஐயபதேவனுக்குத் துணைநின்று தும்பெபாடியில் வீழ்ந்தான். செய்தி அறிந்த கங்க மன்னன் எறெயப்பன், இருகன் என்பவனுக்கு 'நாகத்தரன்' என்ற பட்டத்தையும் 'பெம்பூர்ப் பன்னிரண்டு' என்னும் ஊர்த்தொகுதியையும் அளித்தான். இதைச் சொல்லும் நடுகல், குதிரையும் யானையும் மோதும் சிற்பத்துடன், இப்போது கஸ்தூர்பா சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆண்கள் போரில் மடிந்த அதே குடும்பத்தில் நாகத்தரனின் மகள் தொண்டப்பெ, சமண நெறிப்படி உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தாள்; அதற்கும் பேகூரில் ஒரு கல்வெட்டு உண்டு. நடுகற்களுக்கிடையே அவள் பெயரைக் காணும்போது, சிவன் கோயிலைக் கொண்டே அறியப்படும் இவ்வூரின் சமய வாழ்வு எத்தனை கலப்பானது என்பது விளங்கும்.

கி.பி. 1004ஐ ஒட்டிக் கங்கநாடு சோழர் வசமாயிற்று. இப்பகுதி நிகரிலிச் சோழமண்டலத்துக்குள் அடங்கியது. பேகூர்க் கோயில் வளாகத்தில் கங்கர் காலச் சந்நிதிகளுடன் சோழேசுவரர் உள்ளிட்ட பிற சந்நிதிகளும் எழுந்தன. (தொலைவிலிருந்தே தெரியும் உயர்ந்த கோபுரங்களைப் பார்த்துச் சோழர் பணி என்று வியப்போர் உண்டு. அவை அண்மைக் காலத்தவை.) 1116 அளவில் விஷ்ணுவர்த்தனன் தலக்காட்டை வென்றபின் நாடு ஹொய்சளர் கைக்கு மாறியது. ஆட்சி மாறியதும் தமிழ் மறைந்துவிடவில்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

அதற்குச் சான்று மடிவாளாவில் இருக்கிறது. அங்குள்ள சோமேசுவரர் கோயிலின் வெளிச்சுவரில் 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. வேப்பூரைச் சேர்ந்த ஒருவர், வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கொடையளித்த செய்தி அது. அவ்வேப்பூர் நம் பேகூரேதான். தமிழில் வகரமாக நிற்பது கன்னடத்தில் பகரமாவது இரு மொழியும் அறிந்தவர்க்குப் பழகியது: வா - பா, வேர் - பேரு, வெண்ணெய் - பெண்ணெ, வேம்பு - பேவு. வேப்பூரும் பெம்பூரும், வெங்களூரும் பெங்களூரும் இவ்வகையில் ஒன்றே. பேகூரை வேம்பின் ஊர் என்று கொள்வதற்கும் இதனால் இடமுண்டு.

இவ்விரு கல்வெட்டுகளையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். ஒன்று கன்னடம், மற்றது தமிழ். இடைவெளி மூன்றரை நூற்றாண்டு. இரண்டிலும் பேகூர்தான் தலைவனும் கொடையாளனும் வாழும் ஊர். பெங்களூர், போர் நடந்த இடமாக ஒன்றிலும் ஏரி இருந்த இடமாக மற்றொன்றிலும் வருகிறது. அன்று பேகூரே பேரூர். பெங்களூர் அதன் அண்டை ஊர்களில் ஒன்று. இன்று நாம் பேகூரைப் 'பெங்களூருக்கு அருகே' என்று குறிப்பதுபோல, அன்று பெங்களூரைப் 'பெம்பூருக்கு அருகே' என்று குறித்திருப்பார்கள்.

ஹெப்பாளுக்கு அப்பால் கொடிகேஹள்ளிப் பக்கம் 'ஹளே பெங்களூரு', அதாவது பழைய பெங்களூர், என்றே ஓர் ஊர் உண்டு. கெம்பேகௌடர் 1537இல் கோட்டை எழுப்பியபோது பெயரை அங்கிருந்தே கொண்டுவந்தார் என்பர். கெம்பேகௌடரைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மடிவாளாக் கோயிலுக்கு நிலம் கொடுத்த வேப்பூரார், வடக்கே அத்தனை தொலைவிலுள்ள ஏரியின் கீழ் நிலம் வைத்திருந்தார் என்பதை விட, பக்கத்து ஊரில் வைத்திருந்தார் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இக்கல்வெட்டுகளை முன்வைத்து 'ஊர் யாருடையது' என்று வழக்காடுவோர் இரு தரப்பிலும் உள்ளனர். ஒருவர் 890ஐக் காட்டுவார், மற்றவர் 1247ஐக் காட்டுவார். கன்னட வேந்தரான ஹொய்சளரின் ஆட்சியில், ஒரு பேகூரார் தம் கொடையைத் தமிழில் பொறிக்கச் செய்தார். அதைக் காத்து நடத்தும் பொறுப்பு அவ்வூராரிடம் இருந்தது. படிக்க ஆள் இல்லாத மொழியில் நில உரிமையை எவரும் எழுதிவைப்பதில்லை. அந்த வழக்குக்கு இக்கற்கள் உதவமாட்டா.

அவை சொல்லாமல் விட்டதும் பெரிது. பெம்பூரின் மக்கள்தொகை எந்தக் கல்லிலும் இல்லை. 'கங்கவாடி 96,000' என்ற புகழ்பெற்ற எண்ணையும் மக்கள்தொகையாகக் கொள்ள இயலாது. ஊர்களின் எண்ணிக்கையா, வருவாயின் அளவா என்ற ஆய்வே இன்னும் ஓயவில்லை. 'பன்னிரண்டு' என்பது ஊர்த்தொகுதியின் பெயர். போர்வீரன், செட்டி, நோன்பிருந்த மகள், கொடையாளன் ஆகியோர் பெயருடன் வருகின்றனர். ஏரிக்கு மண் சுமந்தவர்களும் அதன் கீழ் நாற்று நட்டவர்களும் வரவில்லை.

1970களின் இறுதியில் எலக்ட்ரானிக் சிட்டி உருவானபின் ஓசூர்ச் சாலையின் இருபுறமும் நகரம் தெற்கே நகர்ந்தது. 2007இல் பெருநகர மாநகராட்சி அமைந்தபின் பேகூர் அதன் ஒரு வார்டாயிற்று. 2011 கணக்கெடுப்பில் அம்மாநகராட்சியின் மக்கள்தொகை 84 இலட்சம். பழைய பன்னிரண்டு ஊர்களின் வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. மித்திக் சொசைட்டி இப்போது பெங்களூர்ப் பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாணப் படமாகப் பதிந்து வருகிறது. பேகூர் செல்பவர்கள் கோபுரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அவ்வளாகத்திலேயே உள்ள புட்டண செட்டியின் கல்லைக் கேட்டுப் பார்க்கவும். பழங்கன்னட எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும், இடம் காட்ட அங்கே ஆள் இருப்பார்கள்.