2029 முதல் 47 நாள்தான் ஆயுள்... இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானால் என்ன நடக்கும்?

போனில் ஒரு இணையதளத்தைத் திறக்கிறீர்கள். பக்கம் வரவேண்டிய இடத்தில் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கை வருகிறது. நேற்று வரை நல்லாத்தானே இருந்தது, யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா என்று பதற்றம் வரும். பல நேரங்களில் காரணம் ரொம்பச் சின்னது. அந்தத் தளத்தின் எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். புதுப்பிக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அது என்ன சான்றிதழ்?

நீங்கள் பார்ப்பது அசல் தளம்தானா என்று பிரவுசர் சரிபார்க்க உதவும் டிஜிட்டல் ஆவணம் இது. நீங்கள் டைப் செய்யும் பாஸ்வேர்டையும் கார்டு எண்ணையும் வழியில் யாரும் படிக்க முடியாமல் செய்வதற்கும் இது தேவை. டிரைவிங் லைசென்ஸ் மாதிரி இதற்கும் கடைசித் தேதி உண்டு. ஆனால் அபராதம் கட்டித் தப்பிக்கும் வழியெல்லாம் இங்கே இல்லை. தேதி தாண்டிய அடுத்த நொடியே பிரவுசர் எச்சரிக்கையைக் காட்டிவிடும்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை

2018 டிசம்பர் 6-ம் தேதி பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு மொபைல் இன்டர்நெட் போனது. எரிக்சன் நிறுவன மென்பொருளில் இருந்த சான்றிதழ் காலாவதியானதே காரணம். அதே நாளில் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் சேவையும் முடங்கியது. 2020 பிப்ரவரி 3-ம் தேதி மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் படுத்ததற்கும் இதேதான் காரணம்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் விநோதம். 2019 ஜனவரியில் பட்ஜெட் இழுபறியால் அரசு அலுவலகங்கள் மூடிக்கிடந்தன. ஊழியர்கள் வீட்டில் இருக்க, அரசுத் தளங்களின் 80-க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் காலாவதியாகின. சில தளங்களுக்குள் எச்சரிக்கையைத் தாண்டிக்கூட போக முடியவில்லை.

ஏன் ஆயுளைக் குறைக்கிறார்கள்?

சான்றிதழின் ரகசியச் சாவி திருடு போனால், தேதி முடியும் வரை திருடன் அதை வைத்து ஏமாற்ற முடியும். இடையில் ரத்து செய்தாலும் எல்லா பிரவுசர்களும் அதை உடனே கவனிப்பதில்லை. எனவே ஆயுளையே குறைக்க சிஏ பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் முடிவெடுத்தது. 398 நாளாக இருந்த உச்ச வரம்பு, 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படும் சான்றிதழ்களுக்கு 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள்.

தளம் நடத்துபவர்கள் என்ன செய்ய வேண்டும்?

காலண்டரில் குறித்து வைத்து, கையால் புதுப்பிக்கும் பழக்கம் இனி தாங்காது. தானாகப் புதுப்பிக்கும் மென்பொருள்தான் வழி. லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இதற்கு வசதியாக இலவசச் சான்றிதழ் தருகிறது. ஆனால் முன்பு அது அனுப்பிய காலாவதி நினைவூட்டல் மெயில் 2025 ஜூனில் நின்றுவிட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. புதுச் சான்றிதழ் வந்து சேர்ந்திருக்கும், சர்வரை ரீலோட் செய்யாததால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வெளியிலிருந்து தளத்தைத் திறந்து தேதியைப் பார்ப்பது அவசியம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மறதியா, போலித் தளமா என்பது எச்சரிக்கையை மட்டும் பார்த்தால் சாதாரணமாகத் தெரியாது. அதனால் பேங்க், பணம், பாஸ்வேர்டு என்றால் 'தொடரவும்' பட்டனைத் தொடவே வேண்டாம். பல தளங்களில் ஒரே நேரத்தில் எச்சரிக்கை வந்தால், முதலில் உங்கள் போனில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது தப்பாக இருந்தால் நல்ல சான்றிதழும் காலாவதியானது போலவே தெரியும்.