நாதஸ்வரமா, நாகஸ்வரமா? எது சரி?

சாயல்குடி பக்கத்துக் கல்யாண வீடுகளில் இந்தக் குழப்பமே கிடையாது. "மேளக்காரங்க வந்தாச்சா?" என்று கேட்பதோடு சரி. வாத்தியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் நாயனம்.

பிள்ளையை அதைக் கற்றுக்கொள்ள அனுப்பும்போதுதான் சிக்கல். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பாடத்தின் பெயர் 'நாதசுரம்'. ஆனால் 2022-ல் புவிசார் குறியீடு வாங்கியது 'நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம்'. இரண்டுமே அரசு ஆவணங்கள், இரண்டும் ஒரே வாத்தியம்!

சுரம், ஸ்வரம் பிரச்சினையே இல்லை. சுரம் என்பது ஸ்வரத்தின் தமிழ் வடிவம், அவ்வளவுதான். சண்டை எல்லாம் 'த'வா, 'க'வா என்ற ஒரே எழுத்தில்.

ஜெர்மன்காரர்கள் மோர்சிங்கை 'மௌல்ட்ரொம்மல்' என்பார்கள். பிரித்தால் வாய், மேளம். வாயில் வைத்து வாசிக்கிற தாள வாத்தியம் என்று சட்டென்று புரிந்துவிடும். நம்ம வாத்தியத்தின் பெயர் அப்படி லேசில் பிரியாது.

'நாதம்' என்றால் இனிய ஒலி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீணைக்கும் நாதம் உண்டு, புல்லாங்குழலுக்கும் உண்டு. இதற்கு மட்டும் ஏன் அந்தப் பெயர்?

'நாகம்' என்பதற்கு விளக்கங்கள் பல. பாம்பு போல நீண்ட குழல் என்பார்கள், நாகர் இன மக்கள் வாசித்தது என்பார்கள். எதுவும் உறுதியானதில்லை. ஒரு சுவாரசியம்: தெலுங்கில் 'நாகஸ்வரம்' என்றால் பாம்பாட்டியின் மகுடி! நம்ம நாயனத்துக்கு அங்கே பெயர் 'சன்னாயி'.

பழைய சான்று 'நாக' பக்கம்தான். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) திருவாரூர் தியாகராஜர் மீது பாடிய ஸ்ரீ ராகக் கீர்த்தனையில் நாகஸ்வரம் என்றே வருகிறது. 'நாத' வடிவம் ஊரெல்லாம் பரவியது 20-ம் நூற்றாண்டில். திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898–1956) 'நாதஸ்வரச் சக்கரவர்த்தி' என்றே பெயர். 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. திரையில் சிவாஜி, பின்னால் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். அதற்குப் பிறகு 'நாதஸ்வரம்' தெரியாத வீடு ஏது?

ஆக, வேர் தேடுபவர்களுக்கு நாகஸ்வரம். இன்றைய வழக்கில் நாதஸ்வரமும் தப்பில்லை. விண்ணப்பத்தில் 'நாயனம்' என்று தேடிவிட்டு, இல்லையே என்று திரும்பிவிடாதீர்கள். 'நாதசுரம்' என்ற இடத்தில் டிக் அடியுங்கள்.