பரிவலுவும் அதன் அளவையும்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய ஸ்போட்ஸ் கார்களைப் பேணுவதைப் பெருவிருப்பமாகக் கொண்டோர் பலர் உளர். அவர்களிற் சிலர் வண்டியை வாங்கியவாறே விட்டுவைப்பதில்லை. காபரேற்றரை மாற்றுவர், புகைக்குழாயை அகலமாக்குவர், எஞ்சினுக்குள் காற்றை நெருக்கித் திணிக்கும் கருவியைப் பொருத்துவர். பின்னர் வண்டியை ஒரு கராஜிற்குக் கொண்டுசென்று, நிலத்திற் பதித்த உருளைகளின்மீது ஏற்றிக் கட்டி, முழுவேகத்தில் ஓடவிடுவர். இரண்டொரு நிமிடத்தில் யந்திரம் ஒரு தாளை அச்சிட்டுக் கொடுக்கும். 'இத்தனை பரிவலு' என்று அதில் ஓர் எண் இருக்கும். வண்டியை விற்க வரும்போது அந்தத் தாள் காணி உறுதியைப்போல எடுத்துக் காட்டப்படும். விலையும் அதனோடு ஏறும்.

நேயர்களே, அந்த எண்ணை நம்பலாமா என்பதே இன்றைய பேச்சின் பொருள். விடை காண்பதற்கு நாம் இருநூறு ஆண்டுகளுக்கு மேற் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

நீராவி எஞ்சினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாற், 1780களிற் குதிரைகளால் இயங்கிய ஆலைகளுக்குத் தமது எஞ்சினை விற்க முற்பட்டார். ஆலைக்காரர் கேட்ட கேள்வி ஒன்றே: 'இஃது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும்?' வாற் கணக்கிட்டார். பன்னிரண்டு அடி ஆரையுள்ள வட்டத்திற் குதிரை மணிக்கு 144 முறை சுற்றுகிறது. 180 இறாத்தல் விசையுடன் இழுக்கிறது. பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 32,500 அடி-இறாத்தலுக்குச் சற்று மேல் வரும். அதனை 33,000 எனத் திருத்தமாக்கிக்கொண்டார். உண்மையில் ஒரு சாதாரணக் குதிரை இவ்வளவு வேலையை நாள்முழுதும் செய்யவல்லதன்று. வாற் குதிரைக்குத் தாராளமாகவே மதிப்பிட்டார். அதனால், பத்துக் குதிரைக்கு ஈடென்று எஞ்சினை வாங்கிய ஆலைக்காரர் ஏமாற்றமடையவில்லை. வணிகத்திற் பிறந்த அளவு இது. ஆயினும் வணிகர் தமக்குப் பாதகமாக அளந்த அபூர்வ நிகழ்ச்சியும் இதுவே எனலாம்.

எஞ்சின் உண்மையிலே என்ன வலுத் தருகிறதென்று அளக்கும் வழி பின்னரே வந்தது. 1821 இற் பிரான்சைச் சேர்ந்த கஸ்பார் த புறோனி, சுழலும் தண்டை இரு மரக்கட்டைகளால் இறுகப் பிடித்து, அவற்றோடு ஒரு நீண்ட நெம்புகோலை இணைத்து, அதன் நுனியில் எடையைத் தொங்கவிட்டார். தண்டு கட்டைகளையும் தன்னோடு சுழற்ற முயலும். எடை அதனைத் தடுக்கும். இரண்டும் சமநிலையடையும்போது தண்டின் முறுக்கம் தெரிந்துவிடும். 'பிரேக் பரிவலு' என்று இன்றும் வழங்கும் சொல் இந்தக் கருவியின் நினைவாக நிற்பது. ஆனால் மரக்கட்டைகள் உராய்வாற் சூடேறிக் கருகின. கப்பல் எஞ்சின்களின் பெருவலுவை அவை தாங்கா. 1877 இல் ஆங்கில எஞ்சினியரான வில்லியம் புறூட், கட்டைக்குப் பதிலாக நீரின் தடையையே பிரேக்காகக் கொண்ட கருவியை அமைத்தார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கருவிகளுள் எதுவும் பரிவலுவை நேரே அளப்பதில்லை. அளக்கப்படுவன முறுக்கமும் சுழற்சி வேகமுமே. பரிவலு அவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. அடி-இறாத்தலில் முறுக்கத்தை நிமிடச் சுழற்சியாற் பெருக்கி 5,252 ஆல் வகுத்தால் பரிவலு வரும். வாற்றின் 33,000 ஐப் பையின் இருமடங்கால் வகுத்துக் கிடைப்பதே இந்த 5,252. ஆகையால் இந்த அலகுகளிலே, ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்த தாளில், முறுக்கக் கோடும் பரிவலுக் கோடும் 5,252 ஆவது சுழற்சியில் ஒன்றையொன்று வெட்டியே தீரவேண்டும். வேறிடத்தில் வெட்டினால் அத்தாளைக் கிழித்துப் போடலாம்.

மோட்டார் வண்டி வந்தபின் அரசாங்கமும் இந்த எண்ணிற் கைவைத்தது. பிரித்தானியாவில் 1921 முதல் ஒரு பரிவலுவுக்கு ஒரு பவுண் வீதம் வரி விதிக்கப்பட்டது. ஆனால் எஞ்சினை யாரும் அளந்து பார்க்கவில்லை. உருளையின் விட்டத்தை அங்குலத்தில் வர்க்கித்து, உருளைகளின் எண்ணிக்கையாற் பெருக்கி, இரண்டரையால் வகுத்தனர். அவ்வளவே. ஒஸ்ரின் செவின் என்ற சிறு வண்டிக்கு இவ்வாறு பெயரிலேயே ஏழு குதிரைகள் அமைந்தன. அதன் எஞ்சின் உண்மையில் தந்ததோ பத்துக்கும் மேல். வரியைக் குறைக்க விரும்பிய உற்பத்தியாளர் ஒடுங்கிய நீண்ட உருளைகளை அமைத்தனர். 1947 வரை நிலைத்த இந்தச் சூத்திரம் ஆங்கில எஞ்சின்களின் உடலமைப்பையே மாற்றிவிட்டது.

போருக்குப்பின் எண் பெருகத் தொடங்கியது. 1961 இல் ஜெனீவாக் கண்காட்சியிற் பெரும் பரபரப்பை உண்டாக்கிய ஜகுவார் ஈ-ரைப் வண்டிக்கு 265 பரிவலு என அறிவிக்கப்பட்டது. 1964 இல் அதன் 3.8 லீற்றர் எஞ்சின் 4.2 லீற்றராக வளர்ந்தபோதும் எண் அதே 265. இவை 'மொத்தப் பரிவலு' என்னும் முறைப்படி சொல்லப்பட்டவை. எஞ்சினை வண்டியிலிருந்து கழற்றி, விசிறி, காற்று வடிகட்டி, வண்டிக்குரிய புகைக்குழாய் முதலிய பாரங்கள் இன்றிப் பரிசோதனை மேசையில் ஓட்டிப் பெறுவது மொத்தப் பரிவலு. அந்த உபகரணங்கள் யாவற்றோடும் ஓட்டிப் பெறுவது 'தேறிய பரிவலு'. அமெரிக்க உற்பத்தியாளர் 1972 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து தேறிய எண்ணுக்கு மாறினர். கோர்வெற் வண்டியின் எல்.ரி.-1 எஞ்சினுக்கு 1971 இல் 330 என்றிருந்தது மறுவருடம் 255 ஆயிற்று. எழுபத்தைந்து குதிரைகளும் ஓரிரவில் இறந்துவிடவில்லை. அவற்றிற் பெரும்பாலானவை தாளில் மட்டுமே வாழ்ந்தவை. வேண்டுமென்றே எண்ணைக் குறைத்துச் சொன்னதும் உண்டு. 1967 இல் வந்த எல்.88 எஞ்சினுக்கு 430 என்று அறிவித்தனர். அது ஐந்நூறுக்கு மேல் தந்ததென்பதைப் பந்தயக்காரர் அறிவர்.

ஆகவே, ஈ-ரைப் வைத்திருக்கும் ஒருவர் இன்று உருளைமேல் ஏற்றி, 265 ஐ எதிர்பார்த்து, இருநூறுக்கும் குறைவான எண்ணைக் கண்டு திடுக்கிடுவாராயின், முதற்பிழை உருளையில் இல்லை. ஒப்பிட எடுத்த எண்ணே வேறு இனத்தது. மேலும் உருளை அளப்பது சில்லில் வந்துசேர்ந்த வலுவை. கியர்ப் பெட்டியும் பின்னச்சும் ரயரும் வழியில் தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன.

உருளைக்கும் தன் பிழைகள் உண்டு. ஒருவகை யந்திரம் பாரமான உருளையை வண்டி எவ்வளவு விரைவில் சுழற்றி உயர்த்துகிறது என்று பார்ப்பது. அதாவது ஆர்முடுகலிலிருந்து வலுவைக் கணிப்பது. மற்றொரு வகை நீரினாலோ மின்காந்தத்தினாலோ சுழற்சியைத் தடுத்து அளப்பது. முதல்வகையில் ஒரு வேடிக்கை நிகழும். எஞ்சினைத் தொடாமல், பாரமான சில்லுகளைக் கழற்றி இலேசான சில்லுகளைப் பூட்டினாற் போதும். பரிவலு சற்றுக் கூடியதாகத் தாள் சொல்லும். ரயரின் காற்றைக் குறைத்தால் எண் குறையும். கட்டும் பட்டியை அளவுமீறி இறுக்கினாலும் குறையும்.

காற்றின் நிலையும் சேர்கிறது. வெப்பமான காற்றில் எஞ்சின் வலு குறைவதால், ஒரு நியம நிலைக்கு எண்ணைத் திருத்துவது வழக்கம். பழைய அமெரிக்க நியமம் ஏறக்குறையப் பதினாறு பாகை வெப்பத்தையும் கடல்மட்ட வளியமுக்கத்தையும் கொண்டது. புதியது இருபத்தைந்து பாகையையும் 990 மில்லிபாரையும் கொண்டது. ஒரே ஓட்டத்துக்குப் பழைய நியமம் நூற்றுக்கு நான்கு அளவு கூடுதலாகக் காட்டும். வெப்பமானியைச் சூடான எஞ்சினருகே வைத்துவிட்டாலோ, கணிப்புக் கருவி இல்லாத வெப்பத்துக்கு இரங்கி, இல்லாத குதிரைகளையும் சேர்த்துக் கொடுக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, சில்லின் எண்ணிலிருந்து எஞ்சினின் எண்ணை ஊகிப்பதே. 'வழியில் நூற்றுக்கு 15 இழப்பு' என்று ஒரு வாய்பாடு வழங்குகிறது. நூறு பரிவலு எஞ்சினில் 15 இழக்கும் கியர்ப் பெட்டி, எஞ்சினை மாற்றி இருநூறாக்கியதும் சரியாக 30 இழக்குமா? எண்ணெயைக் கலக்குவதற்குச் செலவாகும் வலு எஞ்சினின் பெருமையைக் கேட்டு இரட்டிப்பதில்லை. எனவே வலுக்கூட்டிய வண்டிகளில் இவ்வாய்பாடு எஞ்சினைப் புகழ்ந்தே பேசும்.

முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை. ஒரே கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் 48 இடுவார். இன்னொருவர் 60 இடுவார். ஆனால் அதே ஆசிரியர் முதலாந் தவணையில் 48 உம் மூன்றாந் தவணையில் 60 உம் இட்டால் பிள்ளை முன்னேறியிருக்கிறான் என்று துணிந்து பெற்றாருக்குச் சொல்வேன். உருளையும் அவ்வாறே. அதே யந்திரம், அதே கியர், அதே ரயர்க் காற்று, அதே எஞ்சின் சூடு, அதே திருத்தம். மாற்றத்துக்கு முன் மும்முறை, பின் மும்முறை. அவ்வித்தியாசம் நம்பத்தக்கது. அத்தோடு எரிபொருளும் காற்றும் சேரும் விகிதத்தையும் அளப்பார்களாயின், கலவை மெலிந்து முசலம் உருகுமுன் அதனைக் கண்டுபிடிக்கலாம். என் மதிப்பில் அந்தக் கோடு பரிவலு எண்ணைவிட விலையுயர்ந்தது.

இத்தகைய ஒப்பீட்டால் ஒரு பெரிய நிறுவனமே தலைவணங்கியதுண்டு. 1999 இல் போட் நிறுவனம் மஸ்ராங் கோப்றா வண்டியை 320 பரிவலுவென விளம்பரஞ் செய்தது. முன்னைய கோப்றாவுக்கு 305. வாங்கியோர் உருளைமேல் ஏற்றிப் பார்த்தனர். ஓர் ஊரில் ஒரு தாள் மட்டும் வந்திருந்தால், கருவியின் கோளாறென்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு உருளைகளில், புதிய வண்டி பழையதை விஞ்சவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. விற்ற வண்டிகளைத் திருப்பியழைத்து, காற்று உட்புகும் குழாய்த் தொகுதியையும் புகைக்குழாயின் பகுதிகளையும் மாற்றி, கட்டுப்பாட்டுக் கணினியையும் திருத்திக் கொடுத்தது. அடுத்த ஆண்டு, பந்தயத்துக்கென அமைத்த ஒரு சிறு தொகுதியைத் தவிர, வழமையான கோப்றா சந்தைக்கு வரவேயில்லை.