குழியா, மேடா?

கிளாக்கோமா என்ற சொல் 2,000 ஆண்டுகளுக்கும் பழையது. பண்டைய கிரேக்க மருத்துவத்திலிருந்து வந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் அதற்கு உருப்படியான வைத்தியம் கிடையாது. டாக்டர் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் 'பார்வை அவ்வளவுதான்' என்று அர்த்தம். அதை மாற்றியவர் பெர்லின்காரரான ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே (1828–1870). அவர் கதையை எல்லோரும் அவருடைய அறுவை சிகிச்சையிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு அவருடைய ஒரு பிழையிலிருந்து தொடங்கத்தான் பிடிக்கும்.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் ஆப்தால்மாஸ்கோப்பை வெளியிட்டார். உயிருள்ள மனிதரின் கண்ணுக்குள் அடிவரைக்கும் பார்க்க ஒரு கருவி வந்துவிட்டது. கிரேஃபே அதை உடனே கையில் எடுத்துக்கொண்டார். கிளாக்கோமா நோயாளிகளின் கண்ணில், பார்வை நரம்பு உள்ளே நுழையும் வட்டம் வீங்கி மேடாக இருப்பதாக எழுதினார். வியன்னாவில் எட்வார்ட் யேகருக்கும் அப்படியே தெரிந்தது.

உண்மையில் அது மேடு இல்லை, குழி. அந்தக் கருவியில் ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அப்போது ஆழம் சரியாகப் பிடிபடாது. நிலாவின் பள்ளங்கள் புகைப்படத்தில் சில சமயம் மேடு மாதிரி தெரியுமே, அந்த ஏமாற்றம்தான். கிரேஃபே இதைச் சீக்கிரமே உணர்ந்து, தான் முன்பு சொன்னது தவறு என்று திருத்தி எழுதினார்.

வார்த்தை ஒன்றுதானே மாறியது என்று தோன்றலாம். ஆனால் மேடு என்றால் வீக்கம். குழி என்றால் உள்ளிருந்து ஏதோ நரம்பைப் பின்னால் தள்ளுகிறது. அது கண்ணின் அழுத்தம். அப்படியானால் செய்ய வேண்டியது அழுத்தத்தைக் குறைப்பது. வேறு நோய்களுக்காக ஐரிஸில் ஒரு துண்டை வெட்டி எடுக்கும்போது கண்ணின் இறுக்கம் தளர்வதை அவர் கவனித்திருந்தார். அதையே கிளாக்கோமாவுக்குச் செய்து பார்த்து, 1857இல் முடிவுகளை வெளியிட்டார். கண் சிவந்து, வலியெடுத்து, திடீரென்று பார்வை மங்கியவர்களுக்குப் பலன் நன்றாகவே இருந்தது. சத்தமில்லாமல் மெல்ல வளரும் வகையில் அவ்வளவாகப் பலிக்கவில்லை. அதையும் அவர் மறைக்கவில்லை.

இந்த வேறுபாடு ஏன் என்பது அவர் காலத்தில் விளங்கவில்லை. முதல் வகையில் கண்ணுக்குள் ஊறும் நீர் ஐரிஸுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. வெட்டிய இடம் அதற்கு வழிவிடுகிறது. இந்த விளக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. அந்த நீர் வடியும் கோணம் குறுகலா, அகலமா என்று பார்த்து நோயை இரண்டாகப் பிரிக்கும் முறையை 1938இல் ஓட்டோ பார்கன் முன்வைத்தார். கிரேஃபேயின் கத்தி எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதற்குப் பதில் அந்தக் கோணத்தில்தான் இருந்தது.

காசநோயால் அவர் இறந்தபோது வயது 42. 1882இல் பெர்லினில் அவருக்குச் சிலை வைத்தார்கள். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் கோக் அறிவித்ததும் அதே ஊரில், அதே ஆண்டில்தான்.

இன்றைக்கு ஐரிஸில் துளை போடும் வேலையை லேசர் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. நோயாளி அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அதற்கு முன், பார்வை நரம்பில் குழி எவ்வளவு ஆழம் என்று டாக்டர்கள் இப்போதும் பார்க்கிறார்கள்.